கரும்புச் சக்கையில் இருக்கும் வெளிச்சம்

(நம் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

  

ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கூட்டத்தில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பொதுவாகச் சில வார்த்தைகள் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறோம். செடி கொடிகளின் கழிவிலிருந்து ஒளிவிடும் நுண்துகள்களைச் செய்கிற ஒரு வேதியியல் துறை இருக்கிறது. அந்தத் துகளுக்குக் கார்பன் டாட் என்று பெயர். தமிழில் கரிமப் புள்ளி என்று சொல்லலாம். உதவித்தொகைக் கூட்டத்தில் இது எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். பேச்சின் முடிவில் அதற்குப் பதில் வரும், இன்ஷா அல்லாஹ்.

முதலில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிற ஒரு ஹதீஸ். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் இருந்து விடுதலை பெற்ற ஒரு பெண்ணுக்கு ஸதகாவாக ஓர் ஆடு கிடைத்திருந்தது. அது செத்துப் போய்விட்டது. அந்த வழியாக வந்த நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதப்படுத்திப் பயன்படுத்தியிருக்கலாமே என்ற கருத்தில் கேட்டார்கள். செத்த ஆடாயிற்றே என்றார்கள் அருகில் இருந்தவர்கள். அதை உண்பதுதான் ஹராம் என்று விளக்கம் தந்தார்கள் நபியவர்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்தி இது.

இதில் ஃபிக்ஹ் சட்டம் இருக்கிறது. அதை உலமாக்கள் விளக்குவார்கள். நாம் இன்று எடுத்துக்கொள்வது வேறொரு படிப்பினை. எல்லோர் கண்ணுக்கும் அந்த ஆடு குப்பையில் போட வேண்டிய பொருளாகத் தெரிந்தது. அதில் இன்னும் பயன் மீதி இருக்கிறது என்று நபியவர்கள் கண்டார்கள். ஆனால் தோல் தானாகச் செருப்பாகவோ தண்ணீர்ப் பையாகவோ ஆகிவிடாது. நடுவில் பதப்படுத்துதல் என்ற ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலை தெரிந்தவர் இருந்தால் அது பொருள். தெரிந்தவர் இல்லாவிட்டால் அது நாறும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைக் கற்றுத்தான் ஊரையே வளர்த்தார்கள்.

இப்போது நம் விருத்தாசலத்தைச் சுற்றிப் பார்ப்போம். மேற்கே போனால் கரும்பு. வெட்டு முடிந்ததும் வயலில் சோகை கிடக்கிறது. ஆலைக்குள் சக்கை குவிகிறது. கிழக்கே போனால் முந்திரித் தோப்பு. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு முந்திரிப் பழத்தைப் பெரும்பாலும் மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். உடைத்த பிறகு ஓடும் பருப்பின் மேல் தோலும் மீதி. மல்லாட்டை உரித்தால் தோல். நெல் அரைத்தால் உமி. பண்ருட்டிப் பலாப்பழத்தில் சுளையை எடுத்தபின் மிஞ்சுவது பாதிக்கு மேல். ஏரிக்கரை, வாய்க்கால் கரை எங்கும் சீமைக் கருவேலம். இந்தியா முழுவதற்கும் கணக்கெடுத்தால் பயிர்க் கழிவு ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் என்பது மத்திய அரசின் பழைய மதிப்பீடு. இதில் மாட்டுக்கும் அடுப்புக்கும் போவது போக ஒரு பகுதியை வயலிலேயே கொளுத்துகிறோம். அந்தப் புகை முதலில் போய்ச் சேருவது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழலில்தான்.

இந்தக் கழிவு எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது கரிமம், அதாவது கார்பன். அடுப்புக் கரியும், பென்சில் முனையும், வைரமும் அதே கரிமம்தான். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மாறும்போது குணம் மாறிவிடுகிறது.

கரிமப் புள்ளி என்பது மிகச் சிறிய கரிமத் துகள். எவ்வளவு சிறியது? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80 ஆயிரம் நானோமீட்டர் இருக்கும். கரிமப் புள்ளி 10 நானோமீட்டருக்கும் குறைவு. தண்ணீரில் போட்டால் கலங்கல் தெரியாது. தேநீர்போல இளம் பழுப்பாக இருக்கும். அதே புட்டியைப் புற ஊதா விளக்கின் கீழே வைத்தால் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிவிடும்.

புற ஊதா விளக்கு நமக்குப் புதிதல்ல. கடைவீதியில் கள்ள நோட்டைச் சோதிக்கும் சின்ன ஊதா விளக்குப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். நல்ல நோட்டை அதன் கீழே பிடித்தால் எண் அச்சிட்ட இடமும் தாளில் இருக்கும் நுண்ணிய இழைகளும் பளிச்சென்று தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிற இந்தக் குணத்துக்கு ஒளிர்தல் என்று பெயர். கரிமப் புள்ளியும் அதைத்தான் செய்கிறது.

அடுப்பில் எரித்த சக்கை ஏன் அப்படி ஒளிவிடுவதில்லை? இதை நம் வீட்டுப் பெண்மக்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். திறந்த சட்டியில் கொதிக்க விடுவதும், பிரியாணிக்குத் தம் போடுவதும் ஒன்றா? தம் போடும்போது மூடியின் விளிம்பில் மாவு ஒட்டி, ஆவி வெளியேறாமல் அடைத்து, கீழே அடங்கின நெருப்பும் மேலே தணலும் வைக்கிறோம். அரிசியும் கறியும் அதே அரிசியும் கறியும்தான். அடைத்து வைத்த ஆவியில் அது வேறு பக்குவத்துக்கு வருகிறது.

சக்கையைத் திறந்த வெளியில் எரித்தால் கரிமம் காற்றோடு சேர்ந்து புகையாகப் போய்விடும். கையில் மிஞ்சுவது சாம்பல். அதையே பொடியாக்கித் தண்ணீரில் கலந்து, உள்ளே டெஃப்லான் குவளை வைத்த கெட்டியான எஃகுக் கலத்தில் அடைத்து, 180 முதல் 200 டிகிரி வரையிலான வெப்பத்தில் சில மணி நேரம் வைத்தால் வேறொன்று நடக்கிறது. செடியில் உள்ள சர்க்கரையும் நாரும் முதலில் உடைகின்றன. உடைந்த துண்டுகள் தண்ணீரை இழந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்து கரிம மணிகளாகின்றன. ஆறிய பிறகு கரித்தூளை வடிகட்டி எடுத்துவிட்டால் தெளிந்த நீரில் கரிமப் புள்ளிகள் மிதந்துகொண்டிருக்கும்.

இந்தக் கொதிநீர் முறை நூறு ஆண்டுக்கு மேல் பழையது. ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரடரிக் பெர்கியுஸ் 1913இல் இதைப் பற்றி எழுதினார். பூமிக்கு அடியில் செடிகள் நிலக்கரியாவதை ஆய்வகத்தில் விரைவாகச் செய்து பார்க்க முயன்றவர் அவர். உயர் அழுத்த வேதியியலுக்காக 1931இல் நோபல் பரிசும் பெற்றார். நம் பக்கத்து நெய்வேலியில் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்தில் காடாக நின்ற மரங்கள்தான். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணின் கனத்திலும் வெப்பத்திலும் அல்லாஹ் அதைப் பக்குவப்படுத்தி வைத்திருக்கிறான். அந்த வழியை மனிதன் ஒரு சிறு கலத்துக்குள் சில மணி நேரத்தில் பின்பற்றிப் பார்க்கிறான்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தாக வேண்டும். நம் சமையல் குக்கரில் வெப்பம் 120 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். 200 டிகிரியில் நீராவியின் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 15 மடங்கு. ஆகவே எந்தப் பிள்ளையும் வீட்டில் குக்கரிலோ மூடிய டப்பாவிலோ இதைச் செய்து பார்க்கக் கூடாது. கலம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது.

கரிமப் புள்ளி கண்டுபிடிக்கப்பட்ட கதையும் கழிவைப் பற்றியதுதான். 2004இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினா பல்கலைக்கழகத்தில் கரிம நானோ குழாய்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கரிப்புகையிலிருந்து தங்களுக்கு வேண்டியதைப் பிரித்தபோது, வேண்டாததாக ஒதுங்கிய ஒரு பகுதி ஒளிவிட்டது. அதைக் கொட்டிவிடாமல் இது என்ன என்று கேட்டார்கள். 2006இல் அதே மாநிலத்தின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் யா-பிங் சுன் குழுவினர் இதை இன்னும் பிரகாசமாக ஒளிரச் செய்து காட்டினார்கள்.

குவாண்டம் புள்ளிகளுக்காக 2023இல் வேதியியல் நோபல் பரிசு கொடுக்கப்பட்டதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அது கரிமப் புள்ளியின் மூத்த உறவு. பரிசு பெற்ற மூவரில் ஒருவரான அலெக்சி எகிமோவ் தொடங்கியது வண்ணக் கண்ணாடியில். கண்ணாடியில் செப்புக் குளோரைடைச் சேர்த்து 500 முதல் 700 டிகிரி வரை சூடாக்கினார். ஒரு மணி நேரம் வைத்ததும் உண்டு. 96 மணி நேரம் வைத்ததும் உண்டு. வெப்பத்தையும் நேரத்தையும் மாற்றினால் உள்ளே உருவாகும் படிகத்தின் அளவு மாறுகிறது, அளவு மாறினால் ஒளியை வாங்கும் விதம் மாறுகிறது என்று கண்டார். நம் ஊர்ப் பீங்கான் பட்டறையில் சூளை வைக்கிற சகோதரர்களுக்கு இது புரியாத விஷயமா? ஒரே மண், ஒரே மெருகு. சூளையில் கொஞ்சம் கூடக் குறைய வைத்தால் நிறம் வேறு, பளபளப்பு வேறு என்பதைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள்.

அந்த வகைக் குவாண்டம் புள்ளிகளில் பலவற்றுக்குக் காட்மியம் போன்ற நச்சு உலோகம் தேவைப்படுகிறது. கரிமப் புள்ளிக்கு அது தேவையில்லை. செடியே போதும் என்பதால்தான் உலகமெங்கும் இதன் பின்னால் போகிறார்கள்.

நம் நாட்டில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். 2012இல் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் கரக்பூர் ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து ஆரஞ்சுப் பழச் சாற்றிலிருந்து கரிமப் புள்ளி செய்தார்கள். செல்களை நுண்ணோக்கியில் படம் பிடிக்க அதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். 2016இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் உள்ள நானோ அறிவியல் மையத்தினர் கரும்புச் சக்கையிலிருந்து இதைச் செய்து ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஆலையிலிருந்து லாரி லாரியாகப் போகிற அதே சக்கைதான். 2019இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் நெல்லிக்காயிலிருந்து நைட்ரஜன் கலந்த கரிமப் புள்ளி செய்து, ஜவுளிச் சாயக் கழிவில் உள்ள நச்சை முறிப்பதற்கு அது உதவுவதைக் காட்டினார்கள். திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த ஆய்வின் அருமை தெரியும்.

வெளிநாட்டிலும் நமக்குப் பழக்கமான செடிகளையே எடுத்திருக்கிறார்கள். முந்திரி மரத்தின் தாயகம் பிரேசில். போர்த்துகீசியர் வழியாக நம் மண்ணுக்கு வந்தது. அதே பிரேசிலில் முந்திரி விளையும் சியாரா மாநிலத்தில் 2015இல் முந்திரிப் பிசினை மைக்ரோவேவ் சூட்டில் வைத்துக் கரிமப் புள்ளி செய்தார்கள். 2019இல் ஈரான் நாட்டில் அஹ்வாஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் எடுத்தது எந்த இலை தெரியுமா? நாம் வெட்டி வெட்டி ஓய்ந்துபோன சீமைக் கருவேலத்தின் இலை. அதிலிருந்து செய்த கரிமப் புள்ளியை வைத்துத் தண்ணீரில் பாதரசம் இருக்கிறதா என்று கண்டறிந்தார்கள்.

அது எப்படி நடக்கிறது என்பது அழகான விஷயம். கரிமப் புள்ளியின் மேற்பரப்பில் சில வேதிக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பாதரசம் வந்து அந்தக் கையைப் பிடித்தால் ஒளி மங்குகிறது. எவ்வளவு மங்கியது என்று அளந்தால் எவ்வளவு பாதரசம் என்று தெரிந்துவிடும். உலோக நஞ்சுக்குக் கொடுக்கும் மருந்து ஒன்றை அந்த நீரில் சேர்த்தால் மருந்து பாதரசத்தை இழுத்துக்கொள்ளும். புள்ளி மறுபடி ஒளிரும். இதே வழியில் இரும்பு முதலான மற்ற உலோகங்களையும் கண்டறிய முடிகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பி வாழும் கடலூர் மாவட்டத்துக்காரர்களான நமக்குத் தண்ணீர்ச் சோதனையின் மதிப்பை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கள்ள நோட்டு, போலி மருந்து அட்டை இவற்றைத் தடுக்கும் கண்ணுக்குத் தெரியாத மை, எல்.இ.டி. விளக்கு, மருத்துவப் படமெடுப்பு என்று இன்னும் பல பயன்களுக்கு ஆய்வுகள் நடக்கின்றன.

சகோதரர்களே, இவ்வளவும் கேட்டபின் ஒரு கேள்வி எழும். எழ வேண்டிய கேள்வியும்கூட. சக்கை இலவசம், தண்ணீர் இலவசம். ஒரு கலம் வாங்கிப் போட்டு நாமே செய்து விற்றால் என்ன? அறக்கட்டளை ஒரு சிறு தொழிற்கூடம் போட்டால் நம் இளைஞர்களுக்கு வேலை கிடைக்காதா?

இதற்கு நேரான பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

காரணம் சொல்கிறோம். முதலாவது, அளவு. ஆய்வகத்தில் ஒரு முறைக்குக் கிடைப்பது மில்லிகிராம் கணக்கில்தான். போட்ட சக்கையில் பெரும்பகுதி கரித்தூளாகவே மிஞ்சும். வயலில் கிடக்கிற டன் கணக்கான சோகைக்கு இது தீர்வு ஆகாது. இரண்டாவது, ஒரே தரம். ஒரே மரத்து இலைகூட ஆடியில் ஒரு மாதிரி, தையில் ஒரு மாதிரி இருக்கும். மண் மாறினால் சத்து மாறும். அதனால் இன்று செய்த புள்ளியும் அடுத்த மாதம் செய்த புள்ளியும் ஒரே ஒளி தராமல் போகலாம். நோயைச் சொல்லவும் நஞ்சைச் சொல்லவும் பயன்படும் பொருள் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா? மூன்றாவது, சுத்தம். கரிமப் புள்ளியோடு வேறு சிறு மூலக்கூறுகளும் உண்டாகின்றன. அவற்றில் சில தாமே ஒளிவிடும். அவற்றைப் பிரிக்காமல் விட்டால் ஒளிர்வது புள்ளியா, அதோடு ஒட்டிவந்த அழுக்கா என்றே தெரியாது. சிறுநீரக நோயாளிக்குச் செய்வதுபோல் இதற்கும் டயாலிசிஸ் செய்கிறார்கள். மெல்லிய சவ்வுப் பைக்குள் ஊற்றி மணிக்கணக்கில் நீரில் தொங்கவிடுகிறார்கள். நான்காவது, பாதுகாப்பு. செடியிலிருந்து வந்தது என்பதால் உடம்புக்கு ஆகும் என்று முடிவு கட்ட முடியாது. எருக்கம்பாலும் செடியிலிருந்துதான் வருகிறது.

ஆகவே நானோ தொழில், கழிவிலிருந்து கோடி என்று சொல்லிக்கொண்டு யாராவது உங்களிடம் முன்பணம் கேட்டு வந்தால், எந்தப் பொருளை, யார், என்ன விலைக்கு, எந்தத் தரச் சான்றோடு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஹலாலாகச் சம்பாதித்த பணத்தைக் காப்பதும் நம் மீதுள்ள கடமைதான்.

டன் கணக்கான கழிவுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. மாட்டுக்கு ஆகிறது மாட்டுக்குப் போகட்டும், மட்குகிறது உரமாகட்டும். முந்திரி ஓட்டிலிருந்து வடிக்கும் எண்ணெய் பெயிண்டுக்கும் வண்டிகளின் பிரேக் பட்டைக்கும் போகிறது. கரும்புச் சக்கைக்கு நம் மாநிலத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1979இல் அரசு தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. அதுவரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. ஆலைகளுக்கு மாற்று எரிபொருள் ஏற்பாடு செய்து கொடுத்துச் சக்கையை வாங்கிக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் எழுதுகிற நோட்டுப் புத்தகத்தில் அந்தச் சக்கையும் இருக்கலாம்.

அப்படியானால் கரிமப் புள்ளியைப் பற்றி ஏன் இவ்வளவு நேரம் பேசினோம்?

இந்தத் துறையில் மூலப்பொருளுக்கு விலை இல்லை. கலத்தின் விலையும் மற்ற ஆய்வகக் கருவிகளோடு பார்த்தால் குறைவு. ஆரஞ்சுச் சாறு, சக்கை, நெல்லிக்காய், கருவேல இலை எல்லாம் எல்லோரிடமும் இருந்தவை. அவற்றை ஒளியாக்கியது ஒரு மனிதரின் படிப்பு. எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், எதைப் பிரித்து எதை வைத்துக்கொள்வது, வந்த ஒளியை எப்படி அளப்பது என்று தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஆட்டுத் தோலுக்குப் பதப்படுத்தத் தெரிந்தவர் வேண்டியிருந்ததுபோல, சக்கைக்கு வேதியியல் தெரிந்தவர் வேண்டும். மேலே சொன்ன நான்கு குறைகளும் இன்னும் தீராமல் இருக்கின்றன. அவற்றைத் தீர்க்கப் போகிறவர் இன்று எங்கோ ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருப்பார். அவர் நம் மஹல்லாவின் பிள்ளையாக ஏன் இருக்கக் கூடாது?

நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். வேதியியல், இயற்பியல், தாவரவியல் எடுத்து நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். மூன்று ஆண்டு கழித்து எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் எத்தனை என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். பையன்கள் பட்டம் வாங்கியதும் வளைகுடாவுக்கோ கடைக்கோ போய்விடுகிறார்கள். பெண்பிள்ளைக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். திருமணம் சுன்னத்தான காரியம்; அதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் மூன்று ஆண்டு படித்த வேதியியலைப் பரணில் போட்டுவிட வேண்டும் என்று எந்த நிக்காஹிலும் நிபந்தனை இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம், பிள்ளை இன்னும் இரண்டு ஆண்டு படிப்பாள் என்று முதலிலேயே சொல்லிப் பாருங்கள். மறுக்கிறவர்களைவிட ஒத்துக்கொள்கிறவர்கள் அதிகம் இருப்பார்கள் என்றே நாம் எதிர்பார்க்கிறோம். சக்கையைக் கொளுத்துவது விரயம் என்றால், படித்த பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்துவதை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

பணம் ஒரு தடைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. அது முதல் பட்டப் படிப்புக்கானது. சிறுபான்மை மாணவர்கள் முனைவர் பட்டம் படிக்க உதவிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வுதவித் திட்டத்தை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்துவிட்டது. எல்லோருக்கும் பொதுவான சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஆய்வுதவிக்குத் தேர்வாகிறவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. அந்த இடம் வரை போய்விட்டால் பிள்ளை தன் காலில் நின்றுவிடும். இடையில் உள்ள இரண்டு ஆண்டு எம்.எஸ்ஸி.தான் பள்ளம். நம் பிள்ளைகள் விழுவது அந்தப் பள்ளத்தில்தான்.

ஆகவே இந்த ஆண்டு முதல் நம் அறக்கட்டளை மூன்று காரியங்களைச் செய்ய முடிவு செய்திருக்கிறது.

ஒன்று, அறிவியலில் முதுகலை படிக்கும் பிள்ளைகளுக்குத் தனி நிதி. கல்லூரிக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், விடுதி அல்லது பஸ் செலவு இதில் அடங்கும். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பங்களுக்கு உலமாக்களின் வழிகாட்டலின்படி ஜகாத் நிதியிலிருந்தும், மற்றவர்களுக்குப் பொது நிதியிலிருந்தும் கொடுப்போம். இரண்டு கணக்கும் தனித்தனியாக இருக்கும்.

இரண்டு, முதுகலை நுழைவுத் தேர்வுக்கும் நெட் தேர்வுக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. நம் ஊரில் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பஸ்ஸில் போய் வரும் தூரம். அங்கே படித்து வந்தவர்கள் நம் மக்களிலேயே இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரத்தைத் தாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். பெண்பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடக்கும். பெண் ஆசிரியைகளே நடத்துவார்கள்.

மூன்று, நம் ஊரில் இருக்கும் அறிவுக்கூடங்களைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க ஏற்பாடு. வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. விஆர்ஐ என்ற பெயரில் வரும் முந்திரி, மணிலா ரகங்கள் அங்கே பிறந்தவை. அரசின் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. மதிப்பில்லாத மண் எப்படி மின் இன்சுலேட்டராகிறது என்பதை நம் பிள்ளைகள் அங்கே பார்க்கலாம். பக்கத்தில் இருப்பதாலேயே பலர் அந்த வாசலை மிதித்ததில்லை. அனுமதி கேட்டு எட்டாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளை அழைத்துப் போவோம், இன்ஷா அல்லாஹ்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரைச் சொல்லி, வேதியியலின் தந்தை நம்மவர் என்று மேடைதோறும் பெருமைப்படுகிறோம். அந்தப் பெயரைச் சொல்கிற உரிமை, வீட்டில் வேதியியல் படிக்கும் பிள்ளைக்கு ஆய்வகக் கட்டணம் கட்டுகிறவருக்கே அதிகம். பிள்ளை சாயங்காலம் ஆய்வகத்திலிருந்து தாமதமாக வந்தால், ஏன் தாமதம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், இன்று என்ன செய்தாய் என்றும் கேளுங்கள். நமக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. தனக்கு முன்னால் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே அந்தப் பிள்ளைக்கு ஊக்கம்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. உலகத்தில் கண்டுபிடிக்க வேண்டியதெல்லாம் பெரிய ஊர்களில், பெரிய கருவிகளில்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மல்லாட்டைத் தோலையும் முந்திரிப் பழத்தையும் உங்களைவிட நன்றாக அறிந்தவர் சென்னையில் இல்லை. அந்த அறிவோடு பாடத்தையும் சேர்த்துப் படியுங்கள். ஒளிவிட்டதைப் பார்த்து மகிழுங்கள். அதோடு நிற்காமல் ஏன் ஒளிவிட்டது, நாளைக்கும் இப்படியே ஒளிவிடுமா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆய்வு தொடங்கும்.

வசதி படைத்த சகோதரர்களே, முதுகலை நிதிக்கான உண்டியல் வாசலில் இருக்கிறது. பெயர் எழுதிக்கொடுக்க விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுச் செலவை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். பயன் தரும் கல்வி மனிதன் இறந்த பிறகும் நன்மை சேர்க்கும் செயல்களில் ஒன்று என்பது நபிமொழி நமக்குச் சொல்லித் தந்த செய்தி.

அல்லாஹ் படைத்தவற்றில் வீண் என்று எதுவும் இல்லை என்று நம்புகிற சமுதாயம் நாம். அதை நம் வயல்களிலும் நம் பிள்ளைகளிடத்திலும் நடைமுறையில் காட்ட வல்ல ரஹ்மான் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. உதவி பெறும் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத்தையும், கொடுப்பவர்களின் பொருளில் விருத்தியையும் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.